மீன் விருந்தில் ரோவீனா டில்லார்ட் சொன்னது

அமெரிக்காவில் ஆஷ்பி கவுண்டி என்ற சிறு மாவட்டத்தில் ரோவீனா டில்லார்டை வக்கீலாக அறிந்தவர்களைவிடத் தீவனக் கடை டில்லார்டின் மகளாக அறிந்தவர்களே அதிகம். கல்லூரி முடித்து ஊருக்குத் திரும்பியதும் நீதிமன்றச் சதுக்கத்தில் முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தாள். உயில், நில எல்லைத் தகராறு, விவாகரத்து ஆகிய மூன்றிலேயே அவளுடைய இருபத்தைந்து வருஷத் தொழில் ஓடிவிட்டது. எதையும் திரும்பத் திரும்பப் படிக்காமல் கையெழுத்துக்கு நீட்ட மாட்டாள். "ரோவீனாகிட்ட உயில் எழுதக் குடுத்தா, அவ முடிக்கற வரைக்கும் சாகாம இருக்கணும்" என்று முடிதிருத்தும் கடையில் கேலி செய்வார்கள். அவள் காதிலும் விழும். சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் லீலண்ட் அப்பாவின் தீவனக் கடையை நடத்தினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவன் வீட்டில் சாப்பாடு. இப்படியே போயிருக்க வேண்டிய வாழ்க்கைதான்.

அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் பர்ல் ஹாட்சர். அங்கே அரசு வழக்கறிஞரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள்; அவர் ஆறு தேர்தல்களில் ஜெயித்தவர். அவற்றில் நான்கில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவே இல்லை. மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். ஆனால் அவருடைய அலுவலகமும், கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் அலுவலகமும் ஒரே தாழ்வாரத்தில் இருந்தன. காபிப் பானையும் ஒன்றுதான். அவருக்கு வரும் வழக்குகள் எல்லாம் துணை ஷெரீஃப்கள் கொண்டு வருபவை. கூண்டில் ஏறி அவருக்காகச் சாட்சி சொல்பவர்களும் அவர்களே. அவர்களில் ஒருவன் மேல் வழக்குப் போடுவது அவர் வலது கையை அவரே வெட்டிக்கொள்வது மாதிரி.

கோடி பிளெவின்ஸ் அந்தக் கவுண்டி ஜெயிலில்தான் செத்தான். இருபத்திரண்டு வயது. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டியதற்கான வழக்கில் ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டிருந்தான். வெள்ளிக்கிழமை மாலை பிடித்தார்கள். நீதிபதி திங்கட்கிழமைதான் வருவார். கோடிக்கு வலிப்பு நோய் உண்டு. அவனுடைய அம்மா ஜூனிட்டா மாத்திரைகளை எடுத்துக்கொண்டு ஜெயில் ஜன்னலுக்கு வந்தாள். வெளியிலிருந்து வரும் மருந்தை வாங்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். சனிக்கிழமை கோடி கதவைத் தட்டிக் கத்தினான். பொறுப்பில் இருந்த துணை ஷெரீஃப் வேட் ஸ்ட்ரிக்லர் அவனைக் கை கால் கட்டும் நாற்காலியில் உட்கார வைத்து, வார்களை இறுக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். ஞாயிறு காலையில் திறந்தபோது உயிர் இல்லை. வருந்தத்தக்க சம்பவம், குற்றம் ஏதும் நிகழவில்லை என்று ஹாட்சர் எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

ஜூனிட்டா முதியோர் விடுதியில் துணி துவைப்பவள். ரோவீனாவின் அம்மா கடைசிக் காலத்தில் அங்கேதான் கிடந்தாள். அந்தப் படுக்கை விரிப்புகளைத் துவைத்தவளும் ஜூனிட்டாதான். அந்த உறவில்தான் ஜூனிட்டா ரோவீனாவின் அலுவலகப் படியேறி வந்தாள்.

"நஷ்ட ஈடு கேக்கலாம், ஜூனிட்டா. நகரத்துல நல்ல வக்கீல் ஒருத்தர் இருக்காரு. நான் பேசறேன்."

"காசு வேண்டாம், ரோவீனா. வேட் ஸ்ட்ரிக்லர் அந்தக் கோர்ட்டுல வந்து நிக்கணும். ஜூரின்னு பன்னெண்டு பேரு உக்காந்து என் பையனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும். கேட்டுட்டு அவனை விட்டுட்டாங்கன்னா விட்டுடட்டும். நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா கேக்கணும்."

"அதை ஹாட்சர்தான் ஆரம்பிக்கணும். அந்தப் பதவியில இருக்கறவங்களைத் தவிர வேற யாராலயும் முடியாது."

"அப்ப அந்தப் பதவிக்கு வேற யாராவது வரணும்" என்றாள் ஜூனிட்டா. ரோவீனாவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே நீதிமன்றத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரின் மனசே மாறிப்போயிருந்தது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரியாக வரும்படி அழைப்புப் போனால் பாதிப் பேர் கிழித்து அடுப்பில் போட்டார்கள். சீடர் ஃபோர்க் என்ற ஊர்ப் பக்கம் ஓடிஸ் ரெய்னி என்பவரின் கன்றுகள் திருட்டுப் போயின. அவர் ஷெரீஃபுக்குச் சொல்லாமல் துப்பாக்கியோடு வேலியோரம் உட்கார்ந்தார். பக்கத்துப் பண்ணைப் பையன் தன் நாயைத் தேடி வந்தவன், தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு படுத்தான். "ஏன் கூப்பிடல?" என்று ரோவீனா கேட்டதற்கு ஓடிஸ், "யாரைக் கூப்பிடச் சொல்றே? பிளெவின்ஸ் பையனைக் கவனிச்சுக்கிட்டாங்களே, அவங்களையா?" என்றார்.

பிப்ரவரியில் ரோவீனா வேட்புமனு கொடுத்தாள். லீலண்டிடம் கேட்காமலே கொடுத்தாள்.

"மூணு பேருக்கு முன்னாடி பேசினாலே உனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்றான் அவன்.

"ஹாட்சரை எதுத்து வேற யாரும் நிக்கலையே, அண்ணா."

"ஏன் நிக்கலேன்னு யோசிச்சியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. துணை ஷெரீஃப்களின் குடும்பங்கள் அடுத்த வாரமே தீவனம் வாங்கப் பக்கத்துக் கவுண்டிக்குப் போக ஆரம்பித்தன. லீலண்டோ சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், சம்மதித்தவர்களின் வீட்டு முற்றங்களில் தங்கை பெயர் போட்ட பலகைகளை அடித்துவிட்டு வந்தான்.

ரோவீனா வீடு வீடாகப் போனாள். ஒரு கிழவர் கம்பிக் கதவைத் திறக்காமலே, "வக்கீலை எறக்கிட்டு இன்னொரு வக்கீலை ஏத்தச் சொல்றே. பையில ரெண்டு பாம்பு, எது நல்ல பாம்புன்னு கைய விட்டுப் பாருங்கறே" என்றார். "இந்தப் பாம்பு ரொம்ப மெதுவாத்தான் கடிக்கும், மிஸ்டர் காஸ்" என்றாள். அவர் சிரித்துக் கதவைத் திறந்தார். ஆனால் உட்கார வைத்ததும் எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார். வேட் ஸ்ட்ரிக்லரை என்ன செய்யப் போகிறாய்?

அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கோப்பு முழுசையும் படிப்பேன். சாட்சியம் இருந்தா, யாரா இருந்தாலும் வழக்குப் போடுவேன்." கேட்டவர்களின் முகம் சாத்திய கதவு போல ஆகிவிடும்.

"அதையே ரெண்டு வார்த்தையில பளிச்சுன்னு சொல்லேன்" என்றான் லீலண்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது.

"சொன்னா வழக்கு என் கையைவிட்டுப் போயிடும். கோப்பையே பாக்காம ஒருத்தனைக் குற்றவாளின்னு சொல்லி ஓட்டு வாங்கினவளை, அவன் மேல வழக்கு நடத்தக் கோர்ட்டு விடாது. அவனோட வக்கீல் அந்த ஒரு பேச்சைக் காட்டினாப் போதும். அவன் பேரைக்கூட நான் சொல்லக் கூடாது."

"அப்ப தோத்துடுவே."

"தெரியும்."

கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்டு மாதக் கட்சித் தேர்தலில் ஜெயித்தவர்தான் அங்கே ஜெயித்தவர். நவம்பரில் வரும் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. ஆகஸ்டுக்கு முந்தைய கடைசி சனிக்கிழமை சீடர் ஃபோர்க் தீயணைப்பு நிலையத்தில் மீன் விருந்து நடக்கும். சோள மாவில் புரட்டிய கெளுத்தி மீன், மாவு உருண்டை, முட்டைக்கோஸ் பச்சடி. பெண்கள் செய்து கொண்டு வரும் பழப் பணியாரங்களை ஏலம் விட்டுத் தீயணைப்பு வண்டிக்குச் செலவழிப்பார்கள். வைக்கோல் ஏற்றும் வண்டிதான் மேடை. வேட்பாளர்கள் தீயணைப்புத் தொப்பியிலிருந்து வைக்கோல் தாள் உருவுவார்கள். நீளமான தாளை உருவியவர் முதலில் பேசுவார். ஆளுக்கு மூன்று நிமிஷம். அங்கே வந்து நிற்காதவனுக்கு அந்தக் கவுண்டியில் ஓட்டுக் கிடையாது.

வேட் ஸ்ட்ரிக்லரும் வந்திருந்தான். அவன் தீயணைப்புத் தொண்டனும்கூட. பல வருஷமாக அங்கே மீன் பொரிப்பது அவன் வேலை. ஏப்ரன் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றான். கோடி செத்ததைப் பற்றிக் கொதித்தவர்களும் தட்டை அவன் முன்னால் நீட்டித்தான் மீன் வாங்கினார்கள். வேறு யாரிடம் வாங்குவது?

நீளமான தாள் ஹாட்சருக்கு வந்தது. "ரோவீனா நல்ல பொண்ணு. என் உயிலையே அவதான் எழுதினா. அதுல என் பதவியை அவ பேருக்கு எழுதி வைக்கலேன்னு கோவிச்சுக்கிட்டா போல" என்றார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அதன் பிறகு அவர் வேறு எதுவும் பேசத் தேவையிருக்கவில்லை.

ரோவீனா வண்டியில் ஏறினாள். ஊரில் பின்னால் சொல்லப்பட்டது போல அவள் முஷ்டியை உயர்த்தவில்லை. கையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்றாள். கோப்பை முழுதாகப் படிப்பேன் என்றாள். தட்டுகளில் கரண்டி உரசும் சத்தம்தான் பதிலாகக் கேட்டது. ஒரு குழந்தை எலுமிச்சைச் சாறு வேண்டும் என்று அழுதது.

பின்னாலிருந்து ஓடிஸ் ரெய்னி கத்தினார். "வேட் ஸ்ட்ரிக்லரை என்ன பண்ணுவேன்னு சொல்லு! அங்கதானே நிக்கறான்! சொல்லத் தைரியம் இல்லேன்னா எறங்கு!"

அவள் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பார்த்தாள். அதற்கு நேர் எதிரில், பணியார மேசையருகில், ஜூனிட்டா தன் நெல்லிப்பழப் பணியாரத்தைத் துணியால் மூடிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை.

காகிதத்தை ரோவீனா மடித்துவிட்டாள். "வேட் ஸ்ட்ரிக்லர் கோடி பிளெவின்ஸைக் கொன்னான்" என்றாள். "நான் பதவிக்கு வந்தா அவன் மேல வழக்குப் போடுவேன். அவனை ஜெயிலுக்கு அனுப்புவேன். இது நான் உங்களுக்குக் குடுக்கற வாக்கு."

கூட்டம் எழுந்து நின்றது. யாரோ தீயணைப்பு வண்டிக்குள் ஏறி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். வேட் ஸ்ட்ரிக்லர் வெந்த மீன்களைக் கரண்டியால் அரித்து எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தான். மேடைக்குக் கீழே பல கைப்பேசிகள் உயர்ந்திருந்தன.

திரும்பும்போது, பாலம் தாண்டியதும், லீலண்ட் பேச்செடுத்தான்.

"சொல்லிட்டே."

"சொல்லிட்டேன்."

"ஜெயிச்சுடுவே."

"ஆமா" என்றாள். "நான் பேசாம எறங்கியிருக்கணும், அண்ணா."

ஜெயித்தாள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. ஜனவரியில் பதவியேற்றாள். ஹாட்சர் சாவியைக் கொடுக்கும்போது, "அந்தத் தாழ்வாரத்துல இனிமே உனக்குக் காபி கெடைக்காது. வீட்டுலேருந்து கொண்டு வந்துடு" என்றார். அதில் கேலி இருந்ததாகத் தெரியவில்லை.

கோப்பைத் தன் வழக்கப்படி மறுபடி மறுபடி படித்தாள். பக்கத்து அறையில் இருந்த கைதிகள் இருவர் கோடி கத்தியதையும், கத்தல் நின்றதையும் சொல்லியிருந்தார்கள். மாத்திரையைத் திருப்பி அனுப்பிய காவலரும் அதை மறைக்கவில்லை. வழக்கு நடத்தப் போதுமான சாட்சியம் இருந்தது. வண்டி மேல் நின்று ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த வழக்கை அவளே ஜூரிக்கு முன் கொண்டு போயிருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் தேர்தலில் தோற்றிருப்பாள், இந்தக் கோப்பு இன்னமும் ஹாட்சரின் மேசைக்குள் கிடந்திருக்கும். இரண்டுமே உண்மை.

பிப்ரவரியில் வழக்குப் போட்டாள். ஜூனிட்டா அலுவலகத்துக்கு வந்து, நின்றபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஜூனிட்டாவின் கை சலவைக் காரத்தில் வெடித்திருந்தது. நான் பேசினதை வெச்சு அவங்க தடை கேப்பாங்க என்று சொல்ல ரோவீனா வாயெடுத்தாள். சொல்லவில்லை.

ஏப்ரலில் ஸ்ட்ரிக்லரின் வக்கீல் மனுப் போட்டான். நகரத்து இளைஞன், மிக மரியாதையானவன். நீதிமன்றச் சுவரில் ஒரு திரையை மாட்டி, மீன் விருந்தில் எடுத்த படத்தை ஓட்டினான். ரோவீனா அன்றுதான் தன் குரலை முழுதாகக் கேட்டாள். அவள் நினைத்திருந்ததைவிட உரத்த குரலாக இருந்தது.

"மிஸ் டில்லார்ட், இது நீங்கதானே?" என்றார் நீதிபதி.

"நான்தான், ஐயா."

"கோப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி பேசினது?"

"ஆமா, ஐயா."

"நீங்க இந்தக் கோர்ட்டுக்குப் புதுசு இல்லே. தெரிஞ்சே பேசினீங்களா?"

அவள் தன் முன்னாலிருந்த கோப்பை மூடினாள். நீதிபதி வற்புறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்த வழக்கை அவளோ அவள் அலுவலகத்தில் எவருமோ நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். வழக்கு பக்கத்துக் கவுண்டியின் அரசு வழக்கறிஞரிடம் போயிற்று.

அவர் லஞ்சம் வாங்குகிறவர் அல்ல. ஹாட்சரின் நண்பரும் அல்ல. அவருக்கும் ஒரு ஷெரீஃப் இருந்தார், தாழ்வாரத்தில் ஒரு காபிப் பானை இருந்தது, அடுத்த வருஷம் ஒரு தேர்தல் இருந்தது. வேறு ஊர்ப் பையனுக்காகத் தன் ஊர்த் துணை ஷெரீஃப்களைப் பகைத்துக்கொள்ள அவருக்கு எந்த அவசியமும் இல்லை. செப்டம்பரில் இரு தரப்புக்கும் இடையே பேரம் முடிந்தது. சிறிய குற்றம் ஒன்றை ஸ்ட்ரிக்லர் ஒப்புக்கொள்வான். வேலையை விட்டுவிடுவான். சிறை இல்லை, இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரணை இல்லை, சாட்சி இல்லை, ஜூரி இல்லை.

அன்று காலை ரோவீனா பார்வையாளர் வரிசையில் ஜூனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரசு வக்கீலின் மேசைப் பக்கம் போக அவளுக்கு அனுமதி இல்லை. எல்லாம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்ட்ரிக்லர் இரண்டு முறை "ஆமாம், ஐயா" என்றான். ஜூனிட்டா அவனைப் பார்க்கவே இல்லை. ஜூரிக்காரர்கள் உட்காரும் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் கேட்டாள். "இப்படி ஆகும்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"நீ அங்க நின்னுக்கிட்டிருந்தே, ஜூனிட்டா. உன் மொகத்தைப் பாத்துட்டு என்னால..."

"நான் பணியாரம் விக்க வந்தேன்" என்றாள் ஜூனிட்டா. "நான் உன்கிட்ட எதுவும் கேக்கலையே. கத்தினது ஓடிஸ். ஸ்ட்ரிக்லரை ஜெயிலுக்கு அனுப்புன்னு நான் எப்பச் சொன்னேன்? பன்னெண்டு பேரு கேக்கணும்னு மட்டும்தானே சொன்னேன்."

ஜூனிட்டா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உங்கம்மா ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நவம்பரில் ரோவீனாவின் முதல் பெரிய வழக்கு ஜூரிக்கு முன் வந்தது. டோனா ஃபே ஸ்டாக்டன் என்ற பெண்ணின் தாடையை அவள் புருஷன் உடைத்திருந்தான். தாடைக்குக் கட்டியிருந்த கம்பியை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். சாப்பிடாமல் மெலிந்து, மகளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜாமீனில் இருந்த புருஷன் எதிர் மேசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

ஹாட்சர் காலத்தில் அழைத்தால் வராத ஜனங்கள் அன்று வந்திருந்தார்கள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. மூன்றாவது பெஞ்சில் ஜூனிட்டா பிளெவின்ஸ் இருந்தாள். அவளுக்கும் அழைப்புப் போயிருந்தது.

ஜூரிக்கு ஆள் எடுப்பதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்விகளை ரோவீனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். உறவு உண்டா, முன்பே வழக்கைப் பற்றித் தெரியுமா. கடைசியாக இதைக் கேட்டாள்: "இந்தக் கோர்ட்டுல முன்னாடி நடந்த ஏதாவது ஒண்ணால, அரசுத் தரப்பு சொல்றதை நம்ப முடியாதுன்னு உங்கள்ல யாருக்காவது தோணினா, கையைத் தூக்குங்க."

கேட்காமல் விட்டிருக்கலாம். அரசை நம்பாதவர்கள் ஜூரியில் இருந்தால் எதிர்த் தரப்புக்கு லாபம்தான், அது அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. ஆனால் கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

ஜூனிட்டா கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்க, மிசஸ் பிளெவின்ஸ்" என்றார் நீதிபதி.

"என்னால பொய் சொல்ல முடியாது, ஜட்ஜய்யா. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லே. பாவமாத்தான் இருக்கு. ஆனா மிஸ் டில்லார்ட் சொல்றதை நான் நம்ப மாட்டேன்."

கோபமே இல்லாத குரலில், சமையல் குறிப்புச் சொல்வது போல, சொன்னாள். அதனால்தானோ என்னவோ, அவளுக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அது ஓடிஸ் ரெய்னியுடையது. பிறகு ஜன்னலோரம் இரண்டு. மிஸ்டர் காஸ் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். மீன் விருந்தில் எழுந்து நின்றவர்கள்தான் பெரும்பாலும். நம்ப மாட்டேன் என்றவர்களை ஜூரியில் வைக்க முடியாது. ரோவீனா ஒவ்வொரு பெயராக வாசித்து, "நன்றி, நீங்க போகலாம்" என்றாள். ஜூனிட்டாவுக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

மதியத்துக்குள் பன்னிரண்டு பேருக்கு ஆள் தேறவில்லை. நீதிபதி வழக்கை அடுத்த அமர்வுக்குத் தள்ளி வைத்தார். புருஷனின் ஜாமீன் தொடரும் என்றார். அவன் எழுந்து, இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போனான்.

டோனா ஃபே கோட்டுப் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தாள். வாய் முழுதாகத் திறக்கவில்லை. பல்லுக்கிடையிலேயே பேசினாள்.

"அப்ப என் கேசு?"

"பிப்ரவரியில வேற ஆளுங்களைக் கூப்பிடுவாங்க. மறுபடி ஆரம்பிப்போம்."

"அதுவரைக்கும் அவன் வெளியிலதான் இருப்பானா?"

"ஆமா. வீட்டுப் பக்கம் வரக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. வந்தா உடனே கூப்பிடுங்க."

"யாரைக் கூப்பிடறது?"

ரோவீனா மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினாள்.

"அவன் ஜெயிலுக்குப் போவானில்லே?" என்றாள் டோனா ஃபே. "அதையாவது சொல்லுங்க. ஒரு வார்த்தை."

"அதை நான் சொல்லக் கூடாது" என்றாள் ரோவீனா.

டோனா ஃபே மகளின் கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் போன கதவைத் தவிர்த்து, பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ரோவீனா எழுந்து காட்டினாள்.